வயல்காட்டு ஓவியர் பீரங்கி ஆலைக்குப் போன கதை: ஜார்ஜ் கிளாசனின் 1917 கல்லச்சுப் படங்கள்

முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1917ஆம் ஆண்டு. பீரங்கி எப்படித் தயாராகிறது என்று படம் போட்டுக் காட்ட பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் ஓவியர் வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு வந்தவர் ஜார்ஜ் கிளாசன். வயது 65. அதுவரை அவர் பெயர் வாங்கியதெல்லாம் கதிர் பொறுக்கிவிட்டு வீடு திரும்பும் பெண்கள், புல் அறுக்கும் ஆட்கள், வயலில் கல் பொறுக்கும் சிறுமி, வைக்கோல் போர் போடுகிறவர்கள் என்று கிராமத்து உழைப்பை வரைந்துதான். இயந்திரத்துக்கும் அவருக்கும் பெரிய உறவு இருந்ததில்லை.

வந்து சேர்ந்தவை ஆறு கல்லச்சுப் படங்கள், அதாவது கல்லில் ஏற்றித் தாளில் அச்சிட்டவை. ‘பீரங்கி செய்தல்’ என்பது வரிசையின் பெயர். போர்க்காலப் பிரச்சாரப் படங்களில் பெரும்பாலானவை போர் முடிந்ததும் காலாவதியாகிவிட்டன. இந்த ஆறும் அப்படி ஆகவில்லை. காரணம் எளியது: அரசு கேட்டது ஆயுதத்தின் படம், அவர் கொடுத்தது வேலையின் படம். அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அரசுக்கு எதற்குப் படம்?

1915இல் பிரிட்டனுக்கு ஓர் அவமானம் நேர்ந்தது. மே மாதம் பிரான்சின் ஓபர்ஸ் மேட்டில் நடத்திய தாக்குதல் படுதோல்வி அடைந்தது. சுடுவதற்குப் போதிய குண்டு இல்லை என்று ‘டைம்ஸ்’ நாளிதழ் போட்டு உடைத்தது. அரசியலில் புயல் கிளம்பிக் கூட்டணி அரசு வந்தது. தளவாட அமைச்சகம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு பிரான்சில் நடந்த சொம் போருக்கு முன் ஒரே வாரத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை பிரிட்டிஷ் பீரங்கிகள் சுட்டுத் தள்ளின. அவற்றில் கணிசமானவை வெடிக்காமல் மண்ணில் புதைந்தது வேறு கதை.

ஆக, போர் இப்போது முனையில் மட்டும் நடக்கவில்லை, ஆலைக்குள்ளும் நடந்தது. ஆலையை மக்களுக்குக் காட்ட வேண்டும், அதைவிட முக்கியமாக வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். அமெரிக்கா 1917 ஏப்ரலில்தான் போரில் இறங்கியது. அதுவரை அங்கே மனத்தைக் கரைக்கும் வேலையை பிரிட்டன் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. சார்ல்ஸ் மாஸ்டர்மேன் தலைமையில் வெலிங்டன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இயங்கிய பிரச்சார அலுவலகம் 1917 பிப்ரவரியில் தகவல் துறையின் கீழ் வந்தது. அந்தத் துறை வெளியிட்டதுதான் ‘மகா யுத்தம்: பிரிட்டனின் முயற்சிகளும் இலட்சியங்களும்’ என்ற கல்லச்சுத் தொகுப்பு.

மொத்தம் 66 படங்கள். ‘இலட்சியங்கள்’ பகுதியில் 12 ஓவியர்கள், ஆளுக்கு ஒன்று, வண்ணத்தில். கடல்களின் சுதந்திரம், ஜனநாயகத்தின் வெற்றி, நீதியின் ஆட்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கனத்த தலைப்பு. கிளாசனும் இதில் பெல்ஜியத்தின் மறுகட்டுமானத்தை வரைந்தார். ‘முயற்சிகள்’ பகுதியில் ஒன்பது ஓவியர்கள், ஆளுக்கு ஆறு, மொத்தம் 54. கப்பல் கட்டுவது, விமானம் செய்வது, சிப்பாய்களை உருவாக்குவது, காயம்பட்டவர்களைக் கவனிப்பது, பெண்களின் வேலை, வயல் வேலை எனப் பிரித்துக் கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வயல் வேலையை வரைய வில்லியம் ரோதன்ஸ்டைனை அனுப்பிவிட்டு, ஆயுள் முழுக்க வயலை வரைந்த கிளாசனைப் பீரங்கிப் பக்கம் தள்ளினார்கள். அந்த முடிவின் பின்னணி எதுவாக இருந்தாலும் சரி, அது நல்லதாகவே முடிந்தது.

இலட்சியப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை இன்று பார்த்தால் பெரிதாக எதுவும் தோன்றாது. தேவதைகளும் கொடிகளும் கையை உயர்த்திய பெண்களும். நல்ல ஓவியர்கள்தான், ஆனால் வரைய அவர்களுக்குக் கண்ணெதிரே ஒன்றும் இல்லை. முயற்சிகள் பகுதியில் எல்லாருக்கும் எதிரே ஏதோ ஒன்று இருந்தது.

கல், கொழுப்பு, தண்ணீர்

கல்லச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தப் படங்களின் கறுப்பும் வெள்ளையும் பிடிபடும்.

மழமழவென்று தேய்த்த சுண்ணாம்புக்கல் பலகை. அதன்மேல் கொழுப்பு கலந்த கறுப்புக் குச்சியால் வரைவார்கள். வரைந்த பிறகு, வேலம் பிசினில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். கோடு விழுந்த இடம் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும், விழாத இடம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்பான இடம் இழுத்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம். செதுக்குவதில்லை, குடைவதில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தின் மேல்தான் மொத்த வேலையும் நிற்கிறது.

குச்சியை லேசாக இழுத்தால் கல்லின் நுண்ணிய மணல்தன்மை வழியாகச் சாம்பல் நிறம் வரும். அழுத்தினால் கரி. புகை, தூசி, நீராவி இவற்றைக் காட்ட இதைவிடத் தோதான அச்சு முறை கிடையாது. செம்பைக் குடைந்து எடுக்கும் அச்சில் ஒவ்வொரு நிழலையும் கோடு கோடாகக் கட்ட வேண்டும், இதில் பூசலாம். எனக்குத் தெரிந்து கனரக ஆலைக்கென்றே பிறந்த முறை இது என்று சொன்னாலும் தப்பில்லை.

கல்லில் நேரடியாக வரைந்தால் அச்சில் இடம் வலமாகிவிடும். அதைத் தவிர்க்க, மாற்றுத் தாளில் வரைந்து கல்லுக்கு ஏற்றும் வழியும் அப்போது பரவலாக இருந்தது. எப்படியும் பட்டறைக்குள் கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே குறிப்புப் படம், அப்புறம் அறைக்குள் வந்து முழுப் படம். தொகுப்பை லண்டனின் அவென்யூ அச்சகத்தில் எர்னஸ்ட் ஜாக்சன் மேற்பார்வையில் அச்சிட்டார்கள். அவரே நல்ல கல்லச்சு ஓவியர். இலட்சியங்கள் பகுதியில் அவருடைய படமும் உண்டு.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. இந்த முறையைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் வேலை செய்தது மூனிக்கில். உலகிலேயே சிறந்த அச்சுக்கல் கிடைத்தது பவேரியாவின் சோல்ன்ஹோஃபனில். போருக்குச் சில ஆண்டுகள் முன்பு லண்டனில் கல்லச்சு ஓவியர்கள் தொடங்கிய சங்கத்துக்கே செனஃபெல்டர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஜெர்மனிக்கு எதிராகப் பேச பிரிட்டன் எடுத்த கருவி ஜெர்மன் கருவி.

வுலிச்

ஆர்சனல் கால்பந்துக் குழுவின் சின்னத்தில் ஏன் பீரங்கி இருக்கிறது என்று தெரியாத ரசிகர்கள் நம் ஊரிலும் நிறைய. லண்டனின் தென்கிழக்கே தேம்ஸ் கரையில் இருந்த வுலிச் அரச ஆயுதசாலையின் தொழிலாளர்கள் 1886இல் தொடங்கிய குழு அது. 1913இல் வடக்கு லண்டனுக்குக் குடிபெயர்ந்தாலும் பெயரும் பீரங்கியும் போகவில்லை.

கிளாசன் போன இடம் அந்த ஆயுதசாலைதான். போரின் உச்சத்தில் அங்கே ஏறத்தாழ 80,000 பேர் வேலை பார்த்தார்கள். அதில் பெண்கள் மட்டும் கால் லட்சத்துக்கு மேல். குண்டு, வெடிமருந்து, தோட்டா, பீரங்கி, வண்டி எல்லாம் ஒரே வளாகத்துக்குள். உள்ளே தனி ரயில் பாதை. 1917 ஜனவரி 19ஆம் தேதி மாலை, ஆற்றுக்கு எதிர்க்கரையில் சில்வர்டவுனில் டிஎன்டி என்ற வெடிமருந்தைச் சுத்திகரித்த ஆலை ஒன்று தீப்பிடித்து வெடித்ததில் 73 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டில்தான் இந்தப் படங்கள் வெளிவருகின்றன. ஆலை வேலை என்பது பத்திரமான பின்களம் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

களத்துமேட்டுக் கொட்டகையிலிருந்து

கிளாசன் 1852இல் லண்டனில் பிறந்தவர். தந்தை டேனிஷ் வம்சாவளி, அலங்கார ஓவிய வேலை செய்தவர். இளவயதில் பிரெஞ்சு ஓவியர் பாஸ்டியன்-லெபாஜின் தாக்கத்தில் கிராமத்து உழைப்பாளிகளை அலங்காரமில்லாமல் வரையத் தொடங்கினார். 1886இல் புதிய ஆங்கில ஓவியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அந்தச் சங்கம் எதிர்த்து நின்ற ராயல் அகாடமியிலேயே ஓவியப் பேராசிரியராக இருந்தார். 1908இல் முழு உறுப்பினரானபோது, வழக்கப்படி அகாடமிக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தது ‘பழைய களஞ்சியத்தின் உட்புறம்’.

எனக்கு இந்த விவகாரம் முழுவதற்கும் சாவி அந்தப் படம்தான். தானியம் அடித்துச் சேர்த்து வைக்கும் பெரிய மரக் கொட்டகை. உயரமான கூரை, குறுக்கு உத்தரங்கள், உள்ளே இருட்டு, ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் மிதக்கும் தூசி, அதற்குள் வேலை செய்யும் ஆட்கள். கிளாசன் இந்தக் களஞ்சிய உட்புறங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, தூசியில் பட்டு எப்படிக் கரைகிறது, அதில் மனித உருவம் எவ்வளவு தெரியும் எவ்வளவு மறையும் என்பதே அவருடைய வாழ்நாள் கணக்கு.

வுலிச்சுக்குள் நுழைந்தபோது அவர் பார்த்தது அதையே பெரிதாக்கிய காட்சி. மரத்துக்குப் பதில் இரும்பு, தூசிக்குப் பதில் புகை, சூரியனுக்குப் பதில் உலை. கண் ஏற்கெனவே பழகியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவருடைய மகளுக்கு நிச்சயமாகியிருந்தவர் போரில் இறந்துபோனார். அதன் பிறகு 1916இல் கிளாசன் வரைந்தது ‘துயருறும் இளமை’. வெறிச்சோடிய நிலத்தில் ஒரு சிலுவைக்கு முன்னால் உடை எதுவும் இல்லாமல் குனிந்து கிடக்கும் ஓர் இளம்பெண். பீரங்கி என்ன செய்யும் என்று தெரிந்தவர்தான் அடுத்த ஆண்டு பீரங்கி ஆலைக்குப் போகிறார். இந்த ஆறு படங்களில் பெருமிதம் தேடினால் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆறு படங்கள்

பீரங்கிகள் தயாராகும் இடம், பெரும் சம்மட்டி, உலை, பெரிய பீரங்கியைக் கடைதல், ஆரக் கிரேன், உள்குழலைத் தூக்குதல். இவைதான் தலைப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை அடி அளவு. ஒரே மை.

தலைப்புகளைப் படித்தாலே ஒன்று தெரியும். ஆறில் எதுவும் ‘சுடும் பீரங்கி’ இல்லை. முடிந்து, பூசி, வண்டியில் ஏற்றித் தயாராக நிற்கும் பீரங்கிக்கென்று ஒரு தாள்கூட ஒதுக்கவில்லை. முழுக்கப் பாதி வேலையில் இருக்கும் உலோகம்.

சம்மட்டிப் படத்தை எடுத்துக்கொள்வோம். நீராவிச் சம்மட்டி என்பது ஜேம்ஸ் நாஸ்மித் 1842இல் காப்புரிமை பெற்ற இயந்திரம். வளைவான இரண்டு இரும்புத் தூண்கள், நடுவே மேலும் கீழும் ஓடும் இரும்புப் பாளம். வுலிச்சில் 1870களிலேயே 40 டன் சம்மட்டி ஒன்று நிறுவி, ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் 1874இல் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதை ஓட்டுவது பலத்தைப் பொறுத்ததல்ல, கைப்பக்குவத்தைப் பொறுத்தது. உலையிலிருந்து வந்த பாளத்தின் ஒரு முனையில் நீண்ட கம்பி. அது கிரேன் சங்கிலியில் தொங்கும். ஆட்கள் கம்பியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, மேஸ்திரி கையைக் காட்ட, வால்வு நெம்புகோலில் நிற்பவர் அடியை இறக்குவார். லேசாகத் தட்டவும் முடியும், முழு எடையையும் போடவும் முடியும். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் காட்டுவது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் பிரபலமான வித்தை.

கிளாசன் தேர்ந்தெடுத்த பொருளில் ஒரு சின்னத் தில்லுமுல்லு இருக்கிறது, கவனிக்க வேண்டும். 1917 வாக்கில் மிகப் பெரிய பீரங்கிக் குழல்களுக்கு நீராவிச் சம்மட்டி பழைய சரக்கு. நீரழுத்தப் பிரஸ்தான் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. சம்மட்டி மேற்பரப்பை அடிக்கும், பிரஸ் நடுப்பகுதிவரை பிசையும். ஆனால் பிரஸ் சத்தமில்லாமல் மெதுவாக இறங்குவது. அதை வரைந்தால் ஒரு பெட்டி நிற்பதுபோல்தான் இருக்கும். ஓவியர் கண் எதைத் தேடுமோ அதைத்தான் கிளாசனும் எடுத்தார். நவீன ஆலையின் படம் என்று விற்றதில் ஒரு பங்கு எழுபத்தைந்து ஆண்டுப் பழைய தொழில்நுட்பம்.

‘உள்குழலைத் தூக்குதல்’ எனக்கு இன்னும் பிடித்த தலைப்பு. பெரிய பீரங்கி ஒரே துண்டு இல்லை. உள்ளே ஒரு குழல், அதன்மேல் பட்டையான எஃகுக் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றுவார்கள். 12 அங்குல பீரங்கிக்கு நூறு மைலுக்கும் மேல் கம்பி போகும். அதற்கும் மேல் சூடாக்கி விரிந்த உறையை மாட்டினால், ஆறியதும் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் தொடங்கும் முன் உள்குழலுக்குப் பதம் ஏற்ற வேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவது மாதிரிதான், ஆனால் அரிவாளின் நீளம் 40, 50 அடி. படுக்கவைத்துச் சூடேற்றினால் தன் எடையிலேயே வளைந்துவிடும். அதனால் செங்குத்தான உலை, செங்குத்தாகத் தூக்கும் கிரேன், தரைக்குள் இறங்கும் ஆழமான எண்ணெய்த் தொட்டி. தகதகவென்று எரியும் குழலை வெளியே எடுத்துத் தொட்டிக்குள் இறக்கும் அந்தச் சில நொடிகளில் யாரும் அவசரப்படவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது.

பீரங்கி சுட்டுக்கொண்டே இருந்தால் உள்குழல் தேயும். தேய்ந்தால் குறி தவறும். கழற்றி வேறு குழல் போட வேண்டும். அதாவது முனையில் எவ்வளவு சுடுகிறார்களோ அவ்வளவு வேலை வுலிச்சுக்குத் திரும்பி வரும். பீரங்கி ஆலைக்கு ‘முடிந்தது’ என்ற நிலையே இல்லை. பாதி வேலையில் இருக்கும் உலோகத்தை மட்டுமே கிளாசன் வரைந்தது, அவர் நினைத்தோ நினைக்காமலோ, ஆலையின் உண்மைக்கு மிக நெருங்கிவிட்டது.

கனரக வேலையை வரைகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லாரையும் புஜம் முறுக்கி நிற்க வைப்பது. கிளாசனின் ஆட்கள் சிறியவர்கள். பெரும்பாலும் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், காத்திருக்கிறார்கள். ஃபவுண்டரியிலோ ஃபோர்ஜிங் ஷாப்பிலோ வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: நாளில் பாதி காத்திருப்புதான். சூடு ஏற வேண்டும், கிரேன் வர வேண்டும், லேத் ஒரு தடவை ஓடி முடிக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் படத்துக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு.

பக்கத்து அறையில் இருந்தவர்கள்

அதே தொகுப்பில் விமான ஆலையை வரைந்த நெவின்சன் கிளாசனுக்கு நேர் எதிர். கோணங்கள், வெட்டுகள், சுழலும் சக்கரம். ‘எஞ்சின் செய்தல்’ படத்தில் மனிதனும் இயந்திரமும் ஒரே முக்கோணங்களால் ஆனவர்கள். பார்த்தவுடன் ஈர்ப்பது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து எஞ்சின் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு துளிகூடத் தெரிந்துகொள்ள முடியாது. கப்பல் தளத்தை வரைந்த மியூர்ஹெட் போன் மறுமுனை. ஒவ்வொரு சாரக்கட்டையும் எண்ணி வரைந்திருப்பார். ஹார்ட்ரிக்கின் பெண்கள் வேலை வரிசையில் ஒரு படம் டிஎன்டி நிரப்பும் பெண்களைக் காட்டுவது. அதன் தலைப்பிலேயே ‘ஆபத்தான வேலை’ என்று போட்டுவிட்டார்கள். அந்த மருந்து அவர்கள் தோலையே மஞ்சளாக்கியது.

தொகுப்புக்கு வெளியே ஜோசப் பென்னல் என்ற அமெரிக்கரும் அதே காலத்தில் பிரிட்டிஷ் ஆலைகளைக் கல்லச்சில் வரைந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆலை என்றால் கோயில், புகைபோக்கி என்றால் கோபுரம். பிறகு பிரெஞ்சு அரசின் அழைப்பில் வெர்டன் போர்முனைக்குப் போனார். அங்கே கண்டதை வரைய முடியாமல் திரும்பிவிட்டார்.

பிரச்சாரமாக எடுபட்டதா?

1917 ஜூலையில் லண்டன் ஃபைன் ஆர்ட் சொசைட்டி கூடத்தில் தொகுப்பைக் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு வெளியூர்களுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. கையொப்பமிட்ட முயற்சிப் படம் ஒன்றின் விலை இரண்டு பவுண்டு இரண்டு ஷில்லிங். தளவாட ஆலைகளில் ஆண்கள் வேலையைச் செய்யும் பெண்களுக்கு வாரம் ஒரு பவுண்டு கொடுக்கலாம் என்று அமைச்சகம் 1915 அக்டோபரில் சொல்லியிருந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு படத்துக்கு இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல். படத்தில் இருப்பவர்கள் வாங்குவதற்காகப் போட்ட விலை இல்லை அது. சுவரொட்டி தெருவில் நின்று கூவும், இது வரவேற்பறைக்குள் போகிற சரக்கு.

நேரடிப் பிரச்சாரமாக கிளாசனின் ஆறு படங்கள் பலவீனமானவை என்பதே என் முடிவு. ‘சேருங்கள்’, ‘கொடுங்கள்’, ‘வெல்வோம்’ என்று எந்தக் குரலும் அவற்றில் இல்லை. எதிரி இல்லை. பார்ப்பவரை எதையும் செய்யச் சொல்லவில்லை. மறைமுகமாக ஒன்று சொல்லியிருக்கலாம்: இந்த நாட்டிடம் இவ்வளவு எடையைத் தூக்கும் வசதி இருக்கிறது என்று. நடுநிலை நாட்டு வாசகர் ஒருவருக்கு அதுவே போதுமானதாகவும் இருந்திருக்கலாம்.

அரசுக்கும் ஏமாற்றம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. 1918இல் பிரிட்டிஷ் போர் நினைவுக் குழு அதே ஓவியரை அதே இடத்துக்கு அழைத்தது. இம்முறை எண்ணெய் வண்ணத்தில், ஆறடி உயரமும் பத்தடிக்கு மேல் அகலமும் கொண்ட பெரிய திரையில். ‘வுலிச் ஆயுதசாலையின் பீரங்கி ஆலையில்’ என்ற அந்தப் படம் கட்டவிருந்த நினைவு மண்டபம் ஒன்றுக்கானது. மண்டபம் கட்டப்படவே இல்லை. படம் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லச்சுத் தொகுப்பும் அங்கே உண்டு. வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு முழுத் தொகுப்பு இருக்கிறது. கிளாசனுக்கு 1927இல் சர் பட்டம் கிடைத்தது. 1944 வரை வாழ்ந்தார்.

பெரும்பாலோர் அந்த எண்ணெய் ஓவியத்தைத்தான் பெரிய சாதனையாகச் சொல்வார்கள். புகையைக் கிழித்துக்கொண்டு இறங்கும் ஒளிக்கற்றைகள் உண்மையிலேயே அழகுதான். எனக்கு அந்த அழகே கொஞ்சம் இடைஞ்சல். ஆலை தேவாலயம்போல் ஆகிவிடுகிறது, வெப்பம் குறைந்துவிடுகிறது. ஒரே மையில் அச்சிட்ட இந்தக் கல்லச்சில் வண்ணம் கைகொடுக்காது. உலை வாயைக் காட்ட வேண்டுமானால் அங்கே குச்சி படாமல் தாளை வெறுமனே விட வேண்டும், சுற்றி உள்ளதையெல்லாம் கறுப்பாக்க வேண்டும். 65 வயதில் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்தபோதுதான் கிளாசனுக்கு வுலிச் சரியாகப் பிடிபட்டது.